புட்டியின் உள்ளும் புறமும்



பங்குத்தந்தை ஒருவர் திராட்சை இரசத்தின் சுவையைப் பற்றி எழுதப் புகுந்தால் படிப்போர் வியப்புறுவது இயல்பே. குடியினால் சிதைந்த இல்லங்களின் வாயிலில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். வாரக்கூலி வீடு வந்து சேராத சனிக்கிழமை இரவுகளையும், தகப்பனின் காலடியோசை கேட்டதும் பாடநூலை மூடிவிட்டு மூலையில் ஒடுங்கும் பிள்ளைகளையும் நான் அறிவேன். ஆகவே, குடிப்பதற்கு வக்காலத்து வாங்க இக்கட்டுரையை எழுதவில்லை என்பதை முதற்கண் சொல்லிவிடுகிறேன்.

2019-ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் முதல் 2022-ஆம் ஆண்டின் கோடை வரை, பிரான்சு நாட்டில் மார்ன் ஆற்றங்கரையிலுள்ள சில சிற்றூர்களில் பணிபுரிய நான் அனுப்பப்பட்டிருந்தேன். அங்கே குருக்கள் குறைந்துவிட்டமையால் ஒரே குரு பத்துப் பன்னிரண்டு ஆலயங்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டுக் குருக்கள் பலர் அங்குச் சென்று தொண்டாற்றுவதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்குக் கிடைத்த ஊர்கள் ஷாம்பேன் என்னும் நிலப்பகுதியைச் சேர்ந்தவை. அப்பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது மோட்டார்ப் பந்தயத்தில் வென்றவன் நுரை பொங்கப் பீய்ச்சியடிக்கும் புட்டிதான். ஆனால் அங்கு வாழும் மக்களுக்கு அது வயல், தாத்தா நட்ட கொடி, வங்கிக் கடன், பிள்ளையின் எதிர்காலம். மீனவர் ஊருக்குச் செல்லும் குரு வலையையும் காற்றையும் பற்றி அறிந்துகொள்ள வேண்டுவது போல, அம்மக்களிடையே பணிபுரிபவன் திராட்சையைப் பற்றி அறியாமலிருக்க முடியாது.

சுவைத்தல் வேறு, குடித்தல் வேறு

முதலில் அவர்கள் எனக்குக் கற்றுத்தந்தது சுவைக்கும் முறையை. துலிப் பூவைப் போல வாய் குறுகிய கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இரசத்தை ஊற்றுகிறார்கள். வெள்ளைத் துணியின் முன் பிடித்து நிறத்தைப் பார்க்க வேண்டும். பின்னர் அசைக்காமல் ஒருமுறையும், கிண்ணத்தைச் சுழற்றி ஒருமுறையும் முகர வேண்டும். அதன்பின் ஒரு மிடறு வாயில் வாங்கி, உதடுகளைச் சிறிது திறந்து காற்றை உள்ளிழுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படுமாறு புரட்ட வேண்டும். இறுதியில் அருகிலுள்ள வாளியில் உமிழ்ந்துவிட வேண்டும். ஆம், உமிழ்ந்துவிட வேண்டும்! உமிழ்ந்த பிறகும் வேலை முடிவதில்லை. நாவில் எஞ்சும் சுவை எத்தனை நொடி நிற்கிறது, எப்படி மாறுகிறது என்று காத்திருந்து கவனிக்க வேண்டும்.

2019 நவம்பர் இறுதியில் என் பங்கு மக்கள் சிலர் என்னைப் பாரிசில் நடந்த ‘சுதந்திரத் திராட்சைக் குடியானவர்’ சந்தைக்கு அழைத்துச் சென்றனர். தோளில் ஒரு பீப்பாயைச் சுமந்து செல்லும் மனிதனின் உருவம் அவர்களுடைய சங்கத்தின் சின்னம். தம் நிலத்தில் தாமே பயிரிட்டு, தாமே இரசமாக்கி, தாமே புட்டியில் அடைப்பவர்களே அச்சங்கத்தில் உறுப்பினராகலாம். பரந்த மண்டபத்தில் நூற்றுக்கணக்கான மேசைகள். ஒவ்வொரு மேசைக்குப் பின்னும் காப்புக் காய்ச்சிய கைகளோடு ஒரு குடியானவர். விளம்பரப் பெண்களும் இல்லை, பளபளக்கும் அட்டைகளும் இல்லை. ‘இந்தச் சரிவில் சுண்ணாம்பு மண், அதனால் இதில் இந்தப் புளிப்பு’ என்று அவர்களே சொல்லுகிறார்கள். நான் அன்று இருபதுக்கும் மேற்பட்ட இரசங்களைச் சுவைத்தேன்; ஒன்றையும் விழுங்கவில்லை. மாலையில் மண்டபத்தைவிட்டு வெளியே வந்தபோது, தலை தெளிவாயிருந்தது. அறிவுதான் சற்று நிறைந்திருந்தது. தன்னை மறப்பதற்காகக் குடிப்பவனும், முழுக் கவனத்தோடு சுவைப்பவனும் ஒரே திசையில் செல்பவர்கள் அல்லர் என்பதை அங்கே கண்டேன்.

நுரை எங்கிருந்து வருகிறது?

திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்ணும்போது சாராயச் சத்தும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. பீப்பாயில் நொதித்தால் வாயு வெளியேறிவிடும். மூடிய புட்டிக்குள் நொதித்தால் அது இரசத்திலேயே கரைந்து நிற்கும். திறக்கும்போது குமிழியாக எழும். நுரைக்கும் இரசத்தின் இரகசியம் இவ்வளவே. இதனைச் செய்ய இரு வழிகள் உண்டு.

ஷாம்பேன் வழி இது. முதலில் நுரையற்ற இரசத்தை ஆக்கிக்கொள்கிறார்கள். அதனைப் புட்டியில் நிரப்பும்போது, லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். சுண்ணாம்புப் பாறையில் குடைந்த குளிர்ந்த நிலவறையில் அது இரண்டாம் முறை நொதிக்கிறது. உள்ளே எழும் அழுத்தம் ஏறத்தாழ 6 வளிமண்டலம். நம் மோட்டார் காரின் சக்கரத்திலுள்ளதைப் போல் இரண்டரை மடங்கு! முற்காலத்தில் புட்டிகள் வெடித்துச் சிதறும் என்று அஞ்சி, நிலவறைத் தொழிலாளர் இரும்பு முகமூடி அணிந்தார்கள். சாதாரண ஷாம்பேன் குறைந்தது 15 மாதங்களும், ஒரே ஆண்டின் அறுவடை என்று பொறிக்கப்படுவது 36 மாதங்களும் நிலவறையில் காத்திருந்தாக வேண்டும் என்பது சட்டம். பின்னர்ப் புட்டிகளை நாள்தோறும் சிறிது திருப்பிச் சிறிது சாய்த்து, இறந்த ஈஸ்ட்டின் வண்டலைக் கழுத்துக்குக் கொண்டு வந்து, அதனை வெளியேற்றுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளிக்கோ என்னும் கைம்பெண்ணின் நிலவறையில் செம்மைப்படுத்தப்பட்ட முறை அது. இறுதியாக, புளிப்பைத் தணிக்கச் சிறிது சர்க்கரைக் கரைசலை ஊற்றித் தக்கையிட்டு மூடுகிறார்கள். அக்கரைசலைச் சேர்க்காமலே மூடுவதும் உண்டு. அப்படிச் செய்பவர் தம் திராட்சையின் குறையை எதனாலும் மறைக்க இயலாது.

மற்றொரு வழி இதனினும் பழையது. முதல் நொதித்தல் முடியுமுன்னரே இரசத்தைப் புட்டியில் அடைத்துவிடுவது அது. சர்க்கரையோ ஈஸ்ட்டோ சேர்ப்பதில்லை. திராட்சையில் எஞ்சிய இனிப்பே நுரையாகிறது. தென் பிரான்சில் லிமூ என்னும் ஊருக்கு அருகே, புனித இலாரி மடத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் 1531-ஆம் ஆண்டிலேயே இவ்வாறு நுரைக்கும் இரசத்தை உண்டாக்கினர் என்று அவ்வூரார் பெருமையோடு கூறுகின்றனர். 1990-ஆம் ஆண்டுகளில் லுவார் ஆற்றங்கரைக் குடியானவர் சிலர் அதே வழியைப் புதுப்பித்தார்கள். ‘இயற்கை நுரை இரசம்’ என்ற பெயரில் அது இன்று பல நாடுகளிலும் பரவியிருக்கிறது.

இங்கே ஒரு பழங்கதையைத் திருத்துவது நலம். ஷாம்பேனைக் கண்டுபிடித்தவர் தோம் பெரிஞோன் என்னும் துறவி என்று பலரும் எழுதுகின்றனர். அவர் உண்மையில் வாழ்ந்தவர்தாம். ஓவில்லேர் மடத்தில் 1668 முதல் 1715-இல் இறக்கும்வரை பண்டகப் பொறுப்பாளராயிருந்தவர். அம்மடத்து ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டவர். அக்கல்லறைமுன் நானும் நின்று செபித்திருக்கிறேன். ஆனால் அவர் நுரையைக் கண்டுபிடிக்கவில்லை. அக்காலத்தில் நுரை ஒரு கேடாகவே கருதப்பட்டது, அதனை அவர் தவிர்க்கவே முயன்றார். அவர் மடத்துப் பணியை ஏற்பதற்கு முன்னரே, 1662-இல், கிறிஸ்டபர் மெரெட் என்னும் ஆங்கிலேயர் சர்க்கரை சேர்த்து இரசத்தை நுரைக்கச் செய்யும் வழக்கத்தைப் பற்றி இலண்டன் அரச கழகத்தில் கட்டுரை வாசித்திருக்கிறார். கொடிகளைக் கவனமாகக் கவாத்து செய்ததும், வெவ்வேறு சரிவுகளின் பழங்களை அறிந்து கலந்ததுமே துறவியின் உண்மையான பெருமை. அந்த அமைதியான உழைப்பு வணிகருக்குப் போதவில்லை போலும்; அற்புதக் கதை ஒன்றை அவர்மேல் ஏற்றிவிட்டார்கள்.

‘இயற்கை’ என்னும் சொல்

இன்று ‘இயற்கை இரசம்’ என்று பலர் பேசுகின்றனர். எல்லா இரசமும் திராட்சையிலிருந்து வருவதுதானே, இதில் இயற்கை எது, செயற்கை எது என்று நீங்கள் கேட்கலாம். வணிகத்திற்காகப் பேரளவில் இரசமாக்கும்போது, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஈஸ்ட், புளிப்பைக் கூட்டும் அமிலம், நிறம் தெளியச் செய்யும் பொருள்கள், கெடாமற் காக்கும் கந்தக ஈராக்சைடு எனப் பலவற்றைச் சேர்க்கச் சட்டம் இடந்தருகிறது. ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்குச் சிவப்பு இரசத்தில் 150 மில்லிகிராம் வரையும், வெள்ளை இரசத்தில் 200 மில்லிகிராம் வரையும் கந்தக ஈராக்சைடு இருக்கலாம்.

இப்போக்குக்கு மாற்றாக எழுந்த இயக்கத்தின் வேர் போழோலே நாட்டில் இருக்கிறது. ழூல் ஷொவே என்பவர் (1907–1989) இரச வணிகர், அதோடு வேதியியல் கற்றவர், தேர்ந்த சுவைஞர். பழத்தின் தோலில் தானாகவே வாழும் ஈஸ்ட்டைக் கொண்டும், கந்தகத்தை விலக்கியும் நல்ல இரசம் ஆக்கலாம் என்று அவர் ஆராய்ந்து காட்டினார். ஆனால் அதற்குப் பழம் நோயற்றிருக்க வேண்டும், பாத்திரம் மாசற்றிருக்க வேண்டும், ஆக்குபவன் விழித்திருக்க வேண்டும். மோர்கோன் ஊரைச் சேர்ந்த மார்செல் லப்பியேர் (1950–2010) முதலிய குடியானவர்கள் அவர் வழியைப் பின்பற்றினர். நெடுங்காலம் ‘இயற்கை’ என்னும் சொல்லுக்குச் சட்டத்தில் பொருளே இல்லாதிருந்தது. 2020-இல்தான் பிரான்சில் ஒரு பட்டயம் ஏற்கப்பட்டது. இரசாயன உரமும் நச்சு மருந்தும் இன்றி விளைந்ததாகச் சான்று பெற்ற திராட்சை, கையாற் பறித்தல், இயல்பான ஈஸ்ட், வேறெதுவும் சேர்க்காமை ஆகியன அதன் விதிகள். கந்தகம் சேர்த்தே ஆக வேண்டுமாயின் லிட்டருக்கு மொத்தம் 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அதனைப் புட்டிச் சீட்டில் தெரிவித்துவிட வேண்டும்.

இத்தகைய இரசங்களைச் சுவைத்தபோது சில என்னை மகிழ்வித்தன. கலங்கலாயிருந்த ஒரு வெண்ணிற நுரை இரசத்தில் ஆப்பிள் தோலின் மணமும், அப்போதுதான் சுட்ட ரொட்டியின் மணமும் இருந்தன. சில என்னை முகஞ்சுளிக்கச் செய்தன. காடியின் நெடி ஒன்றில்; மற்றொன்றில் அவர்கள் ‘சுண்டெலி நாற்றம்’ என்று அழைக்கும் கேடு. இது மூக்குக்குத் தெரிவதில்லை. உமிழ்ந்த சில நொடிகளுக்குப் பின்னரே, உமிழ்நீரோடு கலந்து வாயில் தலைகாட்டுகிறது. அதனால்தான் காத்திருந்து சுவைக்க வேண்டும் என்கிறார்கள். அந்த மேசையிலிருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். தாமும் ஒரு மிடறு சுவைத்தார். ஒன்றும் பேசாமல் அப்புட்டியை எடுத்து வாளியில் கவிழ்த்துவிட்டார். அதன் விலை அவருக்கு ஒரு நாள் உழைப்பாயிருக்கலாம். ‘இயற்கை’ என்னும் பெயரால் கெட்டதை நல்லதென்று விற்க அவர் ஒப்பவில்லை. மேலும் ஒன்று சொல்ல வேண்டும்: இயற்கை இரசத்திலும் சாராயச் சத்து உண்டு, அளவு மீறினால் அதுவும் மனிதனை வீழ்த்தும். இயற்கை என்ற சொல் யாருடைய ஈரலையும் காப்பாற்றாது.

சீட்டிலுள்ள இரண்டு எழுத்து

ஷாம்பேன் பகுதியில் ஏறத்தாழ 34,000 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அதைப் பயிரிடுவோர் ஏறத்தாழ 16,000 பேர். உலகறிந்த பெரிய நிறுவனங்களுக்கு அத்தோட்டங்களில் பத்தில் ஒரு பங்கே சொந்தம். ஆயினும் விற்பனையாகும் புட்டிகளில் பெரும்பகுதி அவர்களுடையது. அவர்கள் குடியானவரிடம் பழத்தை வாங்கிக் கலந்து, தம் பெயரில் விற்கிறார்கள். இதில் தவறொன்றுமில்லை, அவர்கள் வாங்காவிட்டால் பல குடும்பங்கள் பிழைக்க முடியாது. ஆனால் பழத்தை விற்றுவிட்ட குடியானவரின் பெயர் அத்தோடு மறைந்துவிடுகிறது.

புட்டிச் சீட்டின் ஓரத்தில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறிய எழுத்துகள் இருக்கும். ‘என்.எம்.’ என்றிருந்தால் பழம் வாங்கி இரசமாக்கிய நிறுவனம். ‘ஆர்.எம்.’ என்றிருந்தால் தாமே பயிரிட்டுத் தாமே ஆக்கிய குடியானவர். ‘ஆர்.சி.’ என்றிருந்தால், கூட்டுறவுச் சங்கம் ஆக்கியதைத் தம் பெயரில் விற்கும் குடியானவர். அட்டையின் அழகில் மயங்காமல் இந்த இரண்டு எழுத்துகளைத் தேடிப் படிக்க அவ்வூர்ப் பிள்ளைகளே எனக்குக் கற்பித்தார்கள்.

பெயரும் பொருளும் ஒன்றாயிருக்க வேண்டும் என்பதற்காக அம்மண்ணில் மக்கள் போராடியே இருக்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்சிரா என்னும் பூச்சி பிரான்சின் கொடிகளை அழித்தபோது, உலர்ந்த திராட்சையையும் சர்க்கரையையும் நீரில் ஊறவைத்துப் போலி இரசம் விற்றார்கள். 1889-இல் வந்த சட்டம்தான், புதிய திராட்சையின் நொதித்தலால் உண்டானதே திராட்சை இரசம் என்று வரையறுத்தது. 1910-இல் ஷாம்பேன் நாட்டில் மழையாலும் நோயாலும் விளைச்சல் ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. குடியானவர் வீட்டில் அடுப்பெரியவில்லை. அந்நிலையிலும் வணிகர் சிலர் வெளிமாநிலங்களிலிருந்து மலிவான இரசத்தைத் தருவித்து, ஷாம்பேன் என்று பெயரிட்டு விற்றனர். 1911 ஜனவரியில் தமெரி முதலிய ஊர்களில் மக்கள் திரண்டெழுந்து அத்தகைய இரசத்தைக் கொட்டிக் கவிழ்த்தனர். ஏப்ரலில் ஆயி என்னும் ஊரில் வணிகரின் மாளிகைகள் தீக்கிரையாயின. அரசு படையை அனுப்பிற்று. எந்த ஊர்கள் ஷாம்பேன் என்னும் பெயருக்கு உரியவை என்ற வழக்கு 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஓய்ந்தது. தீவைப்பை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும், தன் உழைப்பின் பெயரைப் பிறர் பொய்க்கு வாடகைக்கு விட்டால் ஏழையின் உள்ளம் எவ்வளவு கொதிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒரு குடும்பம், ஓர் ஆண்டு

என் பங்கில் நான்கு ஹெக்டேர் நிலமுடைய ஒரு கைம்பெண் இருந்தார். வயது அறுபதை நெருங்கியவர். மகனோடு சேர்ந்து பயிரிட்டு, ஆர்.எம். என்னும் எழுத்துகளோடு ஆண்டுதோறும் சிறிதளவு இரசம் ஆக்கி வந்தார். நச்சு மருந்து அடிப்பதில்லை என்று சான்றும் பெற்றிருந்தார். ஜனவரி 22-ஆம் நாள், திராட்சைப் பயிரிடுவோரின் பாதுகாவலரான புனித வின்சென்டின் திருநாளில், சுரூபத்தைச் சுமந்து வரும் ஊர்வலத்தில் முன்வரிசையில் நடப்பவர் அவர்.

2020-இல் கொள்ளைநோயின் காரணமாக உலகெங்கும் கொண்டாட்டங்கள் நின்றன. அதற்கு முந்திய ஆண்டு ஏறத்தாழ 29 கோடியே 70 இலட்சம் புட்டிகளை விற்ற ஷாம்பேன் நாடு, அவ்வாண்டு 24 கோடியே 40 இலட்சத்தையே விற்றது. 2021 ஏப்ரலில் உறைபனி வந்து, அப்பகுதியின் விளைச்சலில் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டை மொட்டிலேயே கருக்கிற்று. கோடையிலோ ஓயாத மழை. அடிச்சாம்பல் நோய் இலையையும் காயையும் தின்றது. நம் உழவர் அறிந்த போர்டோ கலவைதான் அங்கும் மருந்து. இயற்கைச் சான்று பெற்றவர் தாமிரத்தை மட்டும் தெளிக்கலாம். அதுவும் ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்குள். ஒவ்வொரு மழையும் அதனைக் கழுவிச் சென்றது. இலைக்குள் ஊடுருவி நிற்கும் இரசாயன மருந்தை ஒருமுறை தெளித்திருந்தால் எஞ்சியதைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் சான்று போய்விடும்.

மகன் தெளித்துவிடலாம் என்றான். அவனுடைய அச்சமும் நியாயமானதே. அங்கே ஒரு ஹெக்டேர் தோட்டத்தின் விலை ஏறத்தாழ பத்து இலட்சம் யூரோ. தாய்க்குப் பின் நிலத்தைப் பெற, அந்த விலைக்கேற்ப வாரிசு வரி கட்ட வேண்டும். வருமானமோ அவ்வளவு இல்லை. இப்படித்தான் பல குடும்பங்கள் நிலத்தைப் பெரிய நிறுவனங்களுக்கு விற்றுவிடுகின்றன. ஓரிரு ஆண்டு விளைச்சல் பொய்த்தால் போதும். தாய் மறுத்துவிட்டார். ‘தெளித்தால் சொல்லிவிட்டுத் தெளிக்க வேண்டும், சொல்லிவிட்டால் பத்து ஆண்டு உழைப்பு போயிற்று. சொல்லாமல் தெளிக்க என் கை வராது’ என்றார். அவ்வாண்டு அவர்கள் பறித்தது வழக்கத்தில் கால் பங்குகூட இல்லை. முந்திய ஆண்டுகளில் சேமித்து வைத்திருந்த இரசம்தான் அவர்களைக் காத்தது.

அறுவடை முடிந்த ஒரு மாலையில் அவர் என்னிடம், ‘தந்தையே, உங்கள் பீடத்து இரசத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியுமா?’ என்று கேட்டார். குருத்துவக் கல்லூரியில் இலத்தீனில் மனனம் செய்த சட்டம் என் நினைவுக்கு வந்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 924-ஆம் விதி, மூன்றாம் பிரிவு. திருப்பலி இரசம் இயற்கையானதாயும், திராட்சைக் கொடியின் கனியிலிருந்து வந்ததாயும், கெடாததாயும் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ‘அப்படியானால் உங்கள் சட்டமும் இயற்கை என்கிறதே!’ என்று அவர் மகிழ்ந்தார். இரண்டும் ஒன்றல்ல அம்மா என்று விளக்கினேன். செயற்கையாய்ச் செய்த பானம் ஆகாது, வேறு பழத்தின் சாறு ஆகாது, காடியாகிவிட்டது ஆகாது என்பதே திருச்சபையின் கருத்து. கெடாமற் காக்கச் சிறிது கந்தகம் சேர்ந்திருப்பதால் அது தகுதியற்றதாகிவிடாது. அவர் சிறிது நேரம் எண்ணிவிட்டு, ‘எப்படியானாலும், ஆக்கியவனின் சொல்லை நம்பித்தானே நீங்களும் கிண்ணத்தில் ஊற்றுகிறீர்கள்?’ என்றார்.

அச்சொல் என்னைவிட்டு இன்னும் அகலவில்லை. புட்டியின் உள்ளே இருப்பதைப் புறத்திலிருந்து காண முடியாது. 2023 டிசம்பர் முதல் சேர்பொருள்களைத் தெரிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது; நல்ல விதிதான். ஆயினும் நள்ளிரவில் நிலவறையில் தனியே நிற்கும் மனிதனின் மனச்சாட்சியைத் தவிர வேறு காவலர் அங்கே யார்?

தண்ணீர் மொண்ட பணியாளர்

சிறியவர் எல்லாரும் நேர்மையுள்ளவர், பெரியவர் எல்லாரும் வஞ்சகர் என்று நான் சொல்லவில்லை. ஷாம்பேனில் இயந்திரத்தால் பறிக்கச் சட்டம் இடந்தருவதில்லை. அறுவடைதோறும் ஒரு லட்சம் பேர் அளவில் கையாற் பறிக்க வருகின்றனர். நான் நாடு திரும்பிய மறு ஆண்டு, 2023 செப்டம்பரில், கடும் வெயிலில் பறித்தவர்களுள் நால்வர் இறந்தனர் என்ற செய்தி வந்தது. அதே மாதம் நெஸ்ல்-லெ-ரெபோன் என்னும் ஊரில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர், மனிதர் தங்கத் தகாத ஒரு வீட்டில் அடைக்கப்பட்டிருந்ததை அதிகாரிகள் கண்டனர். 2025 ஜூலையில் சலோன் நகர நீதிமன்றம், மனித வணிகம் புரிந்த குற்றத்திற்காக மூவரைத் தண்டித்தது. அந்தக் கைகள் பறித்த பழமும் எங்கோ ஒரு புட்டியில் நுரைத்திருக்கும். பொன்னிறத் தாள் சுற்றிய அப்புட்டியின் சீட்டில் இதனைத் தெரிவிக்கும் எழுத்து எதுவுமில்லை.

கானாவூர்த் திருமணத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே இரசத்தை முதலில் சுவைத்தவர் பந்தி மேற்பார்வையாளர். அவர் கைதேர்ந்த சுவைஞர்; நல்ல இரசம் என்று உடனே கண்டுகொண்டார். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யார்? தண்ணீர் மொண்டு கொணர்ந்த பணியாளர்கள். யோவான் இதனைத் தனியே குறித்து வைத்திருப்பது வீணன்று. நாவினால் தரத்தை அறியலாம். பிறப்பிடத்தை அறிய உழைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் ஷாம்பேனைச் சுவைக்கப் போவதில்லை, சுவைக்காததால் குறைவொன்றுமில்லை. ஆனால் நம் மேசைக்கும் நாள்தோறும் பொருள்கள் வருகின்றன: உப்பு, தேயிலை, சர்க்கரை, பிள்ளைகளின் சட்டைத் துணி. இவற்றை வாங்கும்போது விலையையும் சுவையையும் மட்டும் பார்க்கிறோமா? இதனை ஆக்கியவர் யார், அவருக்குக் கூலி கிடைத்ததா, உள்ளே இருப்பதும் புறத்தே எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று வீட்டில் ஒருநாளாவது பேசிப்பாருங்கள். நீங்களே ஒரு பொருளை ஆக்கி விற்பவராயின், யாரும் பாராத வேளையிலும் அதே அளவு, அதே தரம் இருக்கட்டும்.

அந்தத் தாயிடமிருந்து ஆண்டுதோறும் புனித வின்சென்ட் திருநாளுக்குப் பின் எனக்கு ஒரு மடல் வருகிறது. மகன் இப்பொழுது தாயைப் போலவே பிடிவாதக்காரனாகிவிட்டான் என்று சென்ற மடலில் எழுதியிருந்தார். நிலம் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அவர்களுக்காகவும், பெயரின்றிப் பழம் பறிக்கும் கைகளுக்காகவும், அடுத்த முறை திருப்பலியில் இரசக் கிண்ணம் உயர்த்தப்படும்போது ஒரு நொடி செபியுங்கள்.